தானம் வந்த மாட்டின் பல்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பதம் பார்க்கக் கூடாது என்று ஊரே சொல்லும். அம்மாவின் அப்பா, என் அப்பிச்சி மட்டும் அதை ஒப்புக்கொண்டதில்லை. சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போனால், வாங்குகிற எண்ணமே இல்லாவிட்டாலும் காங்கேயம் காளைகளின் வாயைத் திறந்து ரெண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேர்ந்ததா என்று பார்த்துக்கொண்டேதான் நடப்பார். "காசு குடுத்து வாங்குனதுன்னா வித்தவங்கிட்டப் போயி சண்டை கட்டலாங் கண்ணு. சும்மா வந்தது படுத்துக்கிச்சுன்னா யாருகிட்டப் போறது?" என்பார்.

ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். கோயம்புத்தூரில் பாலிடெக்னிக் முடித்தேன். ஆட்டோகிளேவ், தியேட்டர் விளக்கு, பாயில்ஸ் மெஷின், சக்‌ஷன், காட்டரி என்று கையில் ஸ்பேனரோடு கொங்கு நாட்டு ஆஸ்பத்திரிகளுக்குள் பின்வாசல் வழியாக நுழைந்தவன். பின்வாசல் பக்கம்தான் ஸ்டோர் ரூம் இருக்கும். மிஷன் ஆஸ்பத்திரி என்றால் அங்கே துணி போர்த்தி ஏதாவது ஒரு தருமக் கருவி தூங்கிக்கொண்டிருக்கும். கடல் தாண்டி வந்தது, அனுப்பியவர்களின் பெயர் பொறித்த பித்தளைத் தகடோடு நிற்கும். 110 வோல்ட் கருவியை 230-இல் செருகி முதல் நாளே புகைந்திருக்கும். அல்லது அதற்கு மட்டுமே பொருந்துகிற ஒரு ரப்பர் வாஷர் உலகத்தில் எங்கும் கிடைக்காது. "தருமத்துக்கு வந்ததுதானுங்களே" என்பார்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

ஆஸ்பத்திரிக் கப்பலைப் பற்றி நான் முதலில் கேள்விப்பட்டது எங்கள் திருச்சபை மண்டபத்தில், ஓய்வுபெற்ற ஒரு டாக்டர் ஸ்லைடு போட்டுக் காட்டியபோது. மெர்சி ஷிப்ஸ் என்ற அமைப்பு. டான் ஸ்டீஃபன்ஸ், அவர் மனைவி டேயோன் இருவரும் 1978-இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் தொடங்கியது. அவர்கள் முதலில் வாங்கியது இத்தாலியின் லாயிட் திரியெஸ்தினோ கம்பெனி 1953-இல் கட்டிய 'விக்டோரியா' என்ற பயணிகள் கப்பல். பம்பாய்க்கு வந்துபோன கப்பல் அது. அதற்கு 'அனாஸ்டாசிஸ்' என்று பெயர் மாற்றி, உள்ளே ஆபரேஷன் தியேட்டர்களை வைத்தார்கள். துறைமுகத்தில் கட்டிப்போட்டு, கரையில் வரிசையில் நிற்கிறவர்களுக்கு இலவசமாக அறுவை சிகிச்சை. பிளவுபட்ட உதடு, கண்புரை, முகத்தில் தேங்காய் அளவுக்கு வளர்ந்து மூச்சை அடைக்கிற கட்டி. கேரி பார்க்கர் என்ற அமெரிக்க முகத்தாடை அறுவை மருத்துவர் கொஞ்ச காலத்துக்கு என்று 1987-இல் ஏறியவர், அப்புறம் இறங்கவே இல்லை என்று டாக்டர் சொன்னார்.

மண்டபத்தில் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் யோசித்தது வேறு. கப்பல் ஆடுமே, ஆட்டோகிளேவில் தண்ணீர் மட்டம் எப்படி நிற்கும்? கூட்டம் முடிந்து அதைத்தான் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "உங்களை மாதிரி ஆளுங்களத்தான் தேடிக்கிட்டிருக்காங்க" என்று விலாசம் எழுதிக் கொடுத்தார்.

மெர்சி ஷிப்ஸ் கப்பல்களில் அப்போது யாருக்கும் சம்பளம் கிடையாது. கேப்டனிலிருந்து காய்கறி நறுக்குகிறவர் வரை எல்லோரும் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் மாதாமாதம் தாங்களே பணம் கட்ட வேண்டியிருந்தது. அம்மாவுக்கு இது விளங்கவே இல்லை. "ஏங் கண்ணு, வேலையுஞ் செஞ்சு போட்டு காசும் நாமளே கட்டறதா? இது எந்த ஊரு நாயம்?" பணத்துக்குச் சபை கைகொடுத்தது. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரே பூசணிக்காய், எடுத்தவர் எடுத்தவர் திருப்பிக் கொடுக்க, மறுபடி மறுபடி ஏலம் போனது. விமான டிக்கெட்டில் ஒரு பகுதி அந்தப் பூசணிக்காய்தான்.

நான் போனது அனாஸ்டாசிஸுக்கு அல்ல. அதன் இடத்துக்கு வர இருந்த 'ஆப்பிரிக்கா மெர்சி'க்கு. இங்கிலாந்தின் வடகிழக்கில் டைன் ஆற்றங்கரையில் ஹெப்பர்ன் என்ற ஊர். நியூகாசிலிலிருந்து கீழே, கடல் பக்கமாக. அங்கே ஒரு கப்பல் தளத்தில் அதை மாற்றிக் கட்டும் வேலை வருஷக்கணக்காக இழுத்து, 2006-இன் கடைசியில் முடியும் தறுவாயில் இருந்தது. கனத்த குளிர். தளத்து வேலைக்காரர்கள் பேசியதும் ஆங்கிலம்தான் என்று பிறகு சொன்னார்கள்.

இந்தக் கப்பலின் பழைய பிழைப்பு வேடிக்கையானது. 1980-இல் டென்மார்க்கின் ஹெல்சிங்யோரில் கட்டிய ரயில் ஃபெரி இது. டேனிஷ் ரயில்வேக்குச் சொந்தமானது, 'ட்ரோனிங் இங்கிரிட்' என்று பெயர். கோர்சோருக்கும் நைபோர்க்குக்கும் இடையே கடல் குறுக்கிடும். ரயில் பெட்டிகளை அப்படியே தண்டவாளத்தோடு வயிற்றில் ஏற்றிக்கொண்டு அக்கரையில் இறக்கும். 1997-இல் அங்கே பாலமும் சுரங்கமுமாக ரயில் பாதை திறந்ததும் கப்பலுக்கு வேலை போய்விட்டது. ரயில் பெட்டிகள் நின்ற அந்தத் தளத்தில்தான் தியேட்டர்கள், வார்டுகள், எக்ஸ்ரே, லேப் எல்லாம் வந்தன. 152 மீட்டர் நீளக் கப்பலில் 78 படுக்கைகள். பாரம் தாங்க வேண்டும் என்பதற்காக அந்தத் தளத்தைப் போட்டிருந்த இரும்பின் கனத்தைப் பார்த்தால் நம் பீளமேட்டு ஃபவுண்டரிக்காரர்கள்கூட மரியாதை கொடுப்பார்கள்.

ரயிலையும் ஆஸ்பத்திரியையும் சேர்த்துப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. 1991 முதல் லைஃப்லைன் எக்ஸ்பிரஸ், இம்பாக்ட் இந்தியா அமைப்பும் ரயில்வேயும் சேர்ந்து, பெட்டிக்குள் தியேட்டரோடு நாடு சுற்றுகிறது. அதற்கும் வெகு முன்பு, 1909-இல், ஐடா ஸ்கடர் வேலூரிலிருந்து ஒரு பெஜோ காரில் மருந்துப் பெட்டியோடு குடியாத்தம் சாலையில் மரத்தடி வைத்தியம் பார்க்கக் கிளம்பினார். நோயாளி வர முடியாத இடத்துக்கு ஆஸ்பத்திரி போக வேண்டும் என்ற யோசனை பழையது. சிரமம் யோசனையில் இல்லை. சக்கரமோ மிதவையோ, போகிற இடத்தில் மெக்கானிக் கிடைக்க மாட்டான், அதுதான் சிரமம்.

என்னைக் கருவிகளுக்கான சோதனைக் குழுவில் போட்டார்கள். தளத்துக்காரர்களும் ஒப்பந்தக்காரர்களும் கட்டுவார்கள், பொருத்துவார்கள். எங்கள் வேலை, அது சொன்னபடி வேலை செய்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து எழுதுவது. அதாவது பல்லைப் பார்ப்பது.

முதலில் கேஸ் பைப். ஆக்சிஜனுக்குச் செப்புக் குழாய். வெள்ளிக் கம்பி வைத்து இணைக்கும்போது உள்ளே நைட்ரஜன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்பக்கம் கருகிச் செதில் உதிரும். அந்தச் செதில் ஒருநாள் நோயாளியின் நுரையீரல் பக்கம் போகும். கையில் எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது. அழுத்தமான ஆக்சிஜனும் எண்ணெயும் சந்தித்தால் தீ. எங்கள் ஊர் ஒர்க்‌ஷாப்பில் கிரீஸ் படாத கை வேலை தெரியாத கை என்பார்கள். அந்தப் பழக்கத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சிலிண்டர் மட்டும் பழகிய முகமாக இருந்தது. கறுப்பு உடம்பு, வெள்ளைத் தோள், நம் ஊரைப் போலவே.

குழாயில் காற்றை நிரப்பி வால்வை மூடிவிட்டு ஒரு பகல் ஓர் இரவு விட வேண்டும். காலையில் வந்து பார்த்தால் முள் இறங்கியிருக்கும். கூட இருந்த இளைஞன் சோப்புத் தண்ணீரோடு ஒவ்வொரு இணைப்பாக ஓடுவான், கசிவே இருக்காது. குளிர்தான் காரணம். 4 பாரில் நிறுத்திய காற்று பத்து டிகிரி குளிர்ந்தால் 0.17 பார் அளவுக்குத் தானாகவே இறங்கும். வெப்பநிலையையும் பக்கத்தில் எழுதி வைத்தால்தான் எது குளிர், எது ஓட்டை என்று பிரித்துச் சொல்ல முடியும். கோயம்புத்தூரின் இதமான காற்றில் வேலை பார்க்கிறவன் இந்தக் கணக்கைப் பாடப் புத்தகத்தோடு மறந்துவிடுகிறான்.

அதைவிட முக்கியமானது குழாய் மாறாட்டம். ஒரே ஒரு கேஸை மட்டும் திறந்து, மற்றவற்றை எல்லாம் காலியாக வைத்துவிட்டு, ஒவ்வொரு படுக்கையின் தலைமாட்டிலும் ஒவ்வொரு வாயாகத் திறந்து பார்க்க வேண்டும். ஆக்சிஜன் என்று எழுதிய வாயில் ஆக்சிஜன் வர வேண்டும், மற்ற எதிலும் வரக் கூடாது. அலுப்பான வேலை. கடைசி வார்டு வரும்போது எல்லாம் சரியாகத்தானே இருக்கும் என்று மனது சொல்லும். அந்த மனதை நம்பக் கூடாது என்பதற்காகவே இரண்டு பேராகப் போனோம். ஒருவர் திறப்பார், இன்னொருவர் எழுதுவார். பாதியில் இடம் மாறிக்கொள்வோம்.

மின்சாரம்தான் என்னைத் திரும்பப் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தது. நம் வீட்டில் ஃபேஸ் என்றால் ஃபேஸ், நியூட்ரல் என்றால் நியூட்ரல். டெஸ்டரை வைத்தால் ஒன்றில்தான் எரியும். கப்பல்களில் பெரும்பாலும் நியூட்ரலை உடம்போடு கட்டுவதில்லை. டெஸ்டர் இரண்டு பக்கமும் எரியும். ஒரு கம்பி எங்கோ இரும்பில் பட்டாலும் பிரேக்கர் விழாது. எங்கோ கசிகிறது என்று பலகையில் மணி மட்டும் அடிக்கும். நடுக்கடலில் ஒரு சின்னக் கசிவுக்காக சுக்கான் மோட்டார் நின்றுவிடக் கூடாது, அதனால்தான் இந்த ஏற்பாடு. யோசித்துப் பார்த்தால் தியேட்டருக்குள் நாம் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைப்பதும் இதே காரணத்துக்குத்தான். வயிற்றைத் திறந்து வைத்திருக்கும்போது விளக்கு அணையக் கூடாது. மாலுமியும் சர்ஜனும் ஒரே பயத்திலிருந்து ஒரே வழியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். என்னோடு இருந்த வயதான டச்சு எலெக்ட்ரீஷியன் மணி அடித்ததும் எழுந்து போய்க் கசிகிற இடத்தைத் தேடிப் பிடிப்பார். பிடிக்காமல் சாப்பிட வர மாட்டார். ஒன்று பட்டால் மணி, இரண்டாவது பட்டால் வெடி என்பார்.

சுவரில் ஓட்டை போடுவது இன்னொரு பாடம். நம் ஊரில் ஒரு ஸ்டாண்டு மாட்ட வேண்டும் என்றால் டிரில்லை எடுத்து இரண்டு துளை, வேலை முடிந்தது. கப்பலில் பல சுவர்கள் தீயைத் தடுக்கும் சுவர்கள். இத்தனை நிமிடம் நெருப்பைத் தாங்க வேண்டும் என்று கணக்கு உண்டு. ஒரு ஒயர் போக வேண்டுமானாலும் அதற்கென்று உள்ள சட்டத்துக்குள் விட்டு, ரப்பர் கட்டைகளை அடுக்கி இறுக்க வேண்டும். வெல்டிங் என்றால் முதலில் எழுத்தில் அனுமதி வேண்டும். பக்கத்தில் ஒருவர் தீயணைப்பானோடு நிற்க வேண்டும், வெல்டிங் முடிந்த பிறகும் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் அங்கேயே நிற்க வேண்டும். சுவரின் அந்தப் பக்க அறையிலும் ஒருவர். முதலில் இதெல்லாம் வெட்டி வேலையாகத் தெரிந்தது. நடக்க முடியாத நோயாளிகள் தண்ணீர் மட்டத்தை ஒட்டிய தளத்தில் படுத்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்த பிறகு அப்படித் தெரியவில்லை.

நான் சபையில் கேட்ட கேள்விக்குப் பதில் சுலபமாக இருந்தது. கப்பல் துறைமுகத்தில் கட்டியிருக்கும்போதுதான் ஆபரேஷன். கடலில் போகும்போது தியேட்டரில் எல்லாவற்றையும் பட்டை போட்டுக் கட்டிவிடுவார்கள். ஆகவே ஆட்டோகிளேவின் தண்ணீர் மட்டத்தைப் பற்றி நான் கவலைப்பட்டிருக்க வேண்டியதில்லை. தண்ணீரின் குணத்தைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். கோவையில் சிறுவாணித் தண்ணீர் வருகிற ஆஸ்பத்திரியில் ஆட்டோகிளேவ் வருஷக்கணக்கில் ஓடும். ஆயிரம் அடி போர்வெல் உப்புத் தண்ணியை ஊற்றுகிற இடத்தில் ஹீட்டர் சுண்ணாம்பு பூத்து மாசக்கணக்கில் செத்துப்போகும். கடல்நீரைக் காய்ச்சி எடுக்கிற தண்ணீரில் உப்பே இருக்காதே, அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். அதுவும் முழுக்க அப்படியில்லை. ஒன்றுமே கரைந்திராத தண்ணீர் பசியோடு இருக்கும், குழாயையே தின்னப் பார்க்கும். அதனால் தண்ணீரையும் தினம் சோதிக்க வேண்டும். 134 டிகிரியில் மூன்று நிமிடம் என்பது கரையானாலும் கப்பலானாலும் ஒன்றுதான். தினம் காலையில் முதல் லோடுக்கு முன்னால் பௌவி டிக் தாளைத் துணிக்கட்டுக்கு நடுவில் வைத்து ஓட்டி, நிறம் ஓரத்திலும் நடுவிலும் ஒன்றுபோல் மாறியிருக்கிறதா என்று பார்ப்போம். நடுவில் வெளுத்திருந்தால் உள்ளே காற்று மாட்டியிருக்கிறது, நீராவி போய்ச் சேரவில்லை. ஊரில் இந்தத் தாளைத் தினம் போடுங்கள் என்று சொன்னால் காசு கணக்குப் பார்ப்பார்கள்.

தானப் பொருட்கள் இங்கேயும் வந்தன. மரப்பெட்டிகள் பல தேசங்களிலிருந்து. பெரும்பாலானவை முதல் தரம். நடுவில் ஒரு மானிட்டர் வந்தது. பார்க்கப் புதுசு, ஆனால் தயாரிப்பையே நிறுத்திவிட்ட மாடல். வேலை செய்தது. வைத்துக்கொள்ளலாம் என்றார் ஒருவர். எங்கள் குழுத் தலைவி, நர்ஸாக இருந்து பொறியாளரான பெண்மணி, அதற்கு உதிரி எங்கே கிடைக்கும் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு, வேண்டாம் என்று எழுதினார். கொடுத்தவர்கள் மனசு கஷ்டப்படாதா என்று கேட்டதற்கு, இந்தக் கப்பல் போகிற ஊரில் அடுத்த தெருவில் கடை இல்லை என்றார்.

அன்று காலை ஜெபக் கூட்டத்தில் மல்கியாவின் முதல் அதிகாரம் வாசித்திருந்தார்கள். குருடும் நொண்டியும் நோய் பிடித்ததுமான மிருகங்களைக் காணிக்கைக்கு ஓட்டிக்கொண்டு வருகிறவர்களைத் தீர்க்கதரிசி காய்ச்சி எடுக்கிற இடம். சிறுவயது முதல் கேட்டதுதான். ஆனால் அதை நான் எப்போதும் காணிக்கைத் தட்டோடு சேர்த்தே நினைத்திருந்தேன், ஸ்டோர் ரூமோடு சேர்த்து நினைத்ததில்லை. காசு கொடுக்கிற நோயாளி கேள்வி கேட்பான், ஆஸ்பத்திரியை மாற்றுவான், வழக்குப் போடுவான். இலவசமாக வருகிறவன் எதுவும் செய்ய மாட்டான், கும்பிட்டுவிட்டுப் போவான். அப்படியென்றால் அவன் சார்பில் யாராவது வாயைத் திறந்து பார்த்தாக வேண்டும். ஊழியம் என்று வந்தவர்களில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. ஜெபித்துவிட்டு ஆரம்பித்தால் கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்ற ரகம் எல்லாத் தேசத்திலும் உண்டு. தினம் காலை நானும் ஜெபித்தேன். பிறகு கேஜைப் பார்த்தேன்.

உதிரிப் பட்டியல் போடுவதுதான் எனக்குப் பிடித்த வேலை. கப்பல் முதலில் போக இருந்தது லைபீரியாவின் மன்ரோவியாவுக்கு. 2003 வரை உள்நாட்டுப் போர். மின்நிலையங்கள் நாசமாகி, எலென் ஜான்சன் சர்லீஃப் 2006-இல் ஜனாதிபதியாக வந்தபோது தலைநகரிலேயே மின்சாரம் பெரும்பாலும் இல்லை. அங்கே மாதக்கணக்கில் நிற்க வேண்டிய தியேட்டருக்கு என்னென்ன தேய்ந்துபோகும், எது முதலில் போகும், எது போனால் வேறொன்றை வைத்துச் சமாளிக்கலாம்? புத்தகத்தில் இருக்கிற பட்டியல் கம்பெனிக்காரன் விற்க நினைப்பது. நிஜமான பட்டியல் கையில் இருக்கிறது. கதவு கேஸ்கெட், சோலினாய்டு வால்வு, ஃபுட் ஸ்விட்ச், பல்பு, ஃபியூஸ், சக்‌ஷன் ஜாடி மூடியின் ரப்பர். ஃபுட் ஸ்விட்ச் என்று நான் அழுத்தி எழுதியதைப் பார்த்து டச்சுக்காரர் சிரித்தார். அடித்துச் சொல்கிறேன், எந்த தியேட்டரிலும் முதலில் சாவது அதுதான். எல்லோரும் மிதிப்பார்கள், தண்ணீர் விழும், ஒயரைப் பிடித்து இழுப்பார்கள்.

உருளைக்கிழங்கும் ரொட்டியும் அலுத்துப்போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமையலறையில் இடம் கேட்டு அரிசிம்பருப்பு சோறு ஆக்கினேன். கானாக்காரர் ஒருவர் மூன்று தட்டு சாப்பிட்டார். நெய் கிடைக்காமல் வெண்ணெயைத்தான் உருக்கினேன். கொங்கு நாட்டில் இதைச் சொல்ல முடியாது.

கப்பல் 2007-இல் டைனை விட்டுக் கிளம்பியபோது நான் அதில் இல்லை. என் வேலை கரையோடு முடிந்தது. ஆகவே நான் ஒரு நோயாளியைக்கூடப் பார்த்ததில்லை. சபையில் சாட்சி சொல்லக் கூப்பிட்டபோது ஏமாந்துபோனார்கள். முகக்கட்டி அகன்ற குழந்தையின் கதையை எதிர்பார்த்தவர்களுக்கு நான் சோலினாய்டு வால்வைப் பற்றிப் பேசினேன். மன்ரோவியாவில் பழைய அனாஸ்டாசிஸிடமிருந்து புதுக் கப்பல் வேலையை ஏற்றுக்கொண்டது. பிறகு அனாஸ்டாசிஸ் உடைக்கப்படுவதற்காக அதே வருஷம் குஜராத்தின் அலங் கடற்கரைக்கு வந்து சேர்ந்தது. ஒருகாலத்தில் பம்பாய்க்குப் பயணிகளைக் கொண்டுவந்த கப்பல். அலங்கில் இரும்பை எடை போட்டுத்தான் விலை பேசுவார்கள், அதில் தவறொன்றும் இல்லை.

இப்போது மெர்சி ஷிப்ஸிடம் 'குளோபல் மெர்சி' என்ற இன்னொரு கப்பலும் இருக்கிறது. ரயில் ஃபெரியை மாற்றிக் கட்டியது அல்ல. முதல் தகடு வெட்டும்போதே ஆஸ்பத்திரி என்று தீர்மானித்துச் சீனாவின் தியான்ஜினில் கட்டியது. 174 மீட்டர், ஆறு தியேட்டர், 2021-இல் கைக்கு வந்தது. அதற்கும் ஆன்ட்வெர்ப்பிலும் ராட்டர்டாமிலும் மாதக்கணக்கில் இதே வேலை நடந்தது, பெட்டி பிரிப்பது, பொருத்துவது, சோதிப்பது. 2022-இல் செனகலின் டக்காருக்குப் போனது.

ஊரில் ஐடிஐ, டிப்ளமோ முடித்த பையன்கள் யாரோ சொல்லி எனக்கு ஃபோன் பண்ணுவார்கள். "சம்பளம் எவ்வளவுங்கண்ணா?" நீதான் தம்பி கட்டணும் என்பேன். பெரும்பாலான ஃபோன் அங்கேயே முடிந்துவிடும். அதில் எனக்கு வருத்தமில்லை, வீட்டுக்கு அரிசி வாங்க வேண்டியவன் அரிசிதான் வாங்க வேண்டும். சில பேர், பாஸ்போர்ட் எப்படி, வெளிநாட்டில் அப்படியே தங்கிவிடலாமா என்று கேட்பார்கள். போன வருஷம் சூலூர் பக்கத்திலிருந்து ஒருத்தன் இதெல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "அண்ணா, அங்க சப்ளை அம்பது சைக்கிளுங்களா, அறுபதுங்களா? நம்ம மோட்டாரு அறுபதுல ஓட்டுனா அஞ்சுல ஒரு பங்கு வேகம் கூடிப்போயிருமுங்களே" என்றான். அவனுக்கு மட்டும் விண்ணப்பத்தை நானே உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தேன்.